டைபாய்டு தடுப்பூசி: சர்க்கரையைப் புரதத்தில் கட்டும் வேலை

டைபாய்டு கான்ஜுகேட் தடுப்பூசியின், அதாவது சர்க்கரையைப் புரதத்தோடு கட்டிச் செய்த ஊசியின், ஒரு டோஸ் அரை மில்லி. அதற்குள் இருப்பது 25 மைக்ரோகிராம் பாலிசாக்கரைடு, அதாவது டைபாய்டு கிருமியின் மேலுறையிலிருந்து பிரித்தெடுத்த நீளமான சர்க்கரைச் சங்கிலி. ஒரு கிராம் கையில் இருந்தால் கணக்குப்படி 40,000 குழந்தைகளுக்குப் போதும். இப்படிப்பட்ட சர்க்கரையை ஒரு புரதத்தோடு இணைத்துக் கொடுத்தால் உடல் அதை விட்டுவிடாமல் எதிர்க்கும் என்பதை நியூயார்க்கில் ஆஸ்வால்ட் ஏவரியும் வால்டர் கோபலும் 1931-லேயே முயல்களில் காட்டிவிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது நிமோனியா தரும் நியூமோகாக்கஸ் கிருமியின் சர்க்கரை, குதிரை சீரத்தின் புரதம். ஹைதராபாத்தில் தயாரான டைபார் டி.சி.வி. என்ற டைபாய்டு கான்ஜுகேட் ஊசி இந்தியாவில் உரிமம் பெற்றதோ 2013-ல். நடுவில் எண்பது வருஷம் போனதற்கு யோசனைப் பஞ்சம் காரணமல்ல. கட்டுவது, கட்டியதை அளப்பது, அளந்தது வேலை செய்கிறது என்று நிரூபிப்பது, இந்த மூன்றும்தான் இழுத்தடித்தன.

முதலில் கிருமி. சால்மொனெல்லா டைஃபியின் மேலே வி-ஐ என்ற உறை இருக்கிறது. 1934-ல் ஃபீலிக்ஸும் பிட்டும் இதை விவரித்தார்கள். ரத்தத்தில் நுழையும் கிருமியை நம் உடலின் முதல்கட்டக் காவல் அடையாளம் காணவிடாமல் இந்த உறைதான் மறைக்கிறது. வேதியியல் கண்ணால் பார்த்தால் வி-ஐ மிக எளிமையானது. கேலக்டோசமின்யூரோனிக் அமிலம் என்ற ஒரே மணி, ஆயிரக்கணக்கில் கோத்தது. ஒவ்வொரு மணியிலும் நைட்ரஜன் மேல் ஓர் அசிட்டைல் தொகுதி, மூன்றாம் கார்பனில் பெரும்பாலான மணிகளில் இன்னொரு அசிட்டைல், ஓரத்தில் ஒரு கார்பாக்சில். மூன்றாம் கார்பனில் இருக்கும் அந்த ஓ-அசிட்டைலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முழுக்க அது வந்துகொண்டே இருக்கும்.

பழைய ஊசிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1896-ல் இங்கிலாந்தில் அல்ம்ரோத் ரைட்டும் ஜெர்மனியில் ஃபைஃபரும் கோலேயும் கொன்ற கிருமியை முழுசாக ஊசியில் ஏற்றினார்கள். காப்பு கிடைத்தது, கூடவே காய்ச்சலும் கைவீக்கமும் கிடைத்தன. கிருமியின் வெளிச்சவ்வில் இருக்கும் எண்டோடாக்சின் என்ற நச்சு அப்படியே உள்ளே போனால் வேறென்ன நடக்கும்? அடுத்தது டி.ஒய்.21ஏ என்ற வலுவிழந்த உயிர்க்கிருமி. ஒன்றுவிட்டு ஒருநாள் மாத்திரையாக விழுங்க வேண்டும். மாத்திரையை முழுசாக விழுங்கத் தெரியாத சின்னக் குழந்தைகளுக்கு அது உதவாது. மூன்றாவது, தனி வி-ஐ சர்க்கரை, அதே 25 மைக்ரோகிராம், ஒரே ஊசி. 1980-களில் நேபாளத்திலும் தென்னாப்பிரிக்காவிலும் நடந்த சோதனைகளில் காப்பு ஒன்றரை, இரண்டு வருஷங்களுக்கு 64 முதல் 75 விழுக்காடு வரை இருந்தது. சுத்தமான மருந்து, பக்கவிளைவு சொற்பம். ஆனால் இரண்டு வயதுக்குக் கீழே பலிக்கவில்லை.

ஏன் பலிக்கவில்லை என்பதில்தான் கான்ஜுகேட்டின் முழு நியாயமும் இருக்கிறது. ஒரே மணி திரும்பத்திரும்ப வரும் சங்கிலி, ஆன்டிபாடி செய்யும் பி செல்லின் மேலுள்ள ஏற்பிகள் பலவற்றை ஒரே நேரத்தில் பிடித்து இழுக்கும். பி செல் தானாகவே தூண்டப்பட்டு ஆன்டிபாடி சுரக்கும். பி செல்லுக்குத் துணைநிற்கும் டி செல்லின் உதவி வராது, ஏனென்றால் டி செல்லுக்குக் காட்ட வேண்டியது புரதத் துண்டு. சர்க்கரையை வெட்டிக் காட்ட முடியாது. டி செல் வராவிட்டால் நினைவுச் செல்கள் உருவாகாது, ஆன்டிபாடியின் பிடிப்பு காலப்போக்கில் கூர்மையாகாது, இரண்டாம் ஊசி போட்டாலும் முதல் அளவைத் தாண்டாது. சில சர்க்கரைகளில் இரண்டாம் ஊசிக்கு முதலைவிடக் குறைவாகவே பதில் வரும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் இந்தத் தனியாவர்த்தனப் பாதை சரியாக முதிர்ந்திருக்காது. சர்க்கரையோடு புரதம் ஒன்று கட்டியிருந்தால், சர்க்கரையை அடையாளம் கண்ட பி செல் மொத்தத்தையும் விழுங்கி, புரதத்தை நறுக்கி டி செல்லுக்குக் காட்டும். டி செல் உதவுவது புரதத்துக்காக. பலன் போவது சர்க்கரையை அடையாளம் கண்ட பி செல்லுக்கு. இதில் நிபந்தனை ஒன்றுதான்: இரண்டும் ஒரே மூலக்கூறாக இருக்க வேண்டும். ஒரே குப்பியில் பக்கத்தில் பக்கத்தில் மிதந்தால் பயனில்லை.

முதல் வெற்றி, குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சல் தரும் ஹிப் கிருமிக்கு எதிரான ஊசியில். ஷ்னியர்சனும் ராபின்ஸும் ஒரு பக்கம், டேவிட் ஸ்மித்தும் போர்ட்டர் ஆண்டர்சனும் இன்னொரு பக்கம் உழைத்து, 1987-ல் அமெரிக்காவில் முதல் ஹிப் கான்ஜுகேட் உரிமம் பெற்றது. அதே ராபின்ஸ், ஷ்னியர்சன் குழு ஷௌசுன் ஸூவோடு சேர்ந்து வி-ஐ சர்க்கரையை சூடோமோனாஸ் கிருமியின் நச்சுநீக்கிய புரதம் ஒன்றோடு கட்டியது. வியட்நாமில் 2 முதல் 5 வயதுக் குழந்தைகளிடம் நடந்த சோதனை முடிவு 2001-ல் வந்தது: 91.5 விழுக்காடு காப்பு. வழி திறந்தது அங்கேதான்.

இனி தொழிற்சாலைக்குள் போவோம்.

சர்க்கரை கிருமியிடமிருந்து வரவேண்டும். பொதுவாகப் பயன்படுவது டி.ஒய்.2 என்ற வகை. இது நோய் உண்டாக்கும் உயிர்க்கிருமி. நூற்றுக்கணக்கான லிட்டரில் வளர்க்கும்போது அடைப்பும் காற்றோட்டமும் பணியாளர் பாதுகாப்பும் உயர்நிலையில் இருக்க வேண்டும். அதைத் தவிர்க்கச் சிலர் சிட்ரோபாக்டர் ஃப்ராயண்டி என்ற கிருமியை எடுத்துக்கொள்கிறார்கள். அது செய்வதும் இதே வி-ஐ சர்க்கரைதான், ஆனால் அதனால் டைபாய்டு வராது. ஹைதராபாத்தின் பயாலஜிக்கல் ஈ நிறுவனத்தின் டைஃபிபெவ் இந்த வழியில் வந்தது. 2020 டிசம்பரில் உலக சுகாதார அமைப்பின் முன்தகுதி பெற்றது.

விதைக் கிருமியிலேயே முதல் பிரச்சினை தொடங்கும். வி-ஐ தயாரிக்கும் மரபணுக்கள் குரோமோசோமில் ஒரு தனித் தீவுபோல அமர்ந்திருக்கின்றன. திரும்பத்திரும்ப வளர்த்தால் சில கிருமிகள் அந்தத் தீவையே உதறிவிடும். உறை செய்யும் செலவு மிச்சம் என்பதால் அவை மற்றவற்றைவிட வேகமாகப் பெருகும். அதனால் மூல விதை, வேலை விதை என்று இரண்டு அடுக்கில் உறையவைத்து, எத்தனை தலைமுறைக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு கட்டி, ஒவ்வொரு தடவையும் தட்டில் பரப்பி வி-ஐ சீரத்தோடு கட்டியாகிறதா என்று பார்ப்பது கட்டாயம். இதைச் சோம்பேறித்தனமாகச் செய்தால், கிருமி வளர்க்கும் கலனான ஃபெர்மென்டர் நிறையக் கிருமி இருக்கும், சர்க்கரை பாதிகூட இருக்காது.

இரண்டாவது, உப்பு. உறையைச் செய்யலாமா வேண்டாமா என்று கிருமி தன்னைச் சுற்றியுள்ள சவ்வூடு அழுத்தத்தைப் பார்த்து முடிவெடுக்கிறது. உப்பு ஏறினால் உறைத் தயாரிப்பை நிறுத்திவிடும். ஃபெர்மென்டரில் குளுக்கோஸ் ஊட்டும்போது அமிலம் சேரும், பி.எச். 7-ஐ ஒட்டி வைக்கக் காரம் ஊற்றுவோம், ஊற்றிய காரமெல்லாம் உப்பாகிச் சேரும். ஆகவே குளுக்கோஸை ஒரேயடியாகக் கொட்டாமல் கிருமி தின்னும் வேகத்துக்கே ஊட்ட வேண்டும். குளுக்கோஸ் மிஞ்சினால் அசிடேட், அசிடேட்டுக்குக் காரம், காரத்தால் உப்பு, உப்பால் உறை நின்றுபோகும். கிருமியின் அடர்த்தியைக் காட்டும் ஒளியளவு மட்டும் ஏறுவதைப் பார்த்துச் சந்தோஷப்படுவது புதியவர்கள் செய்வது. ஏற வேண்டியது கரைசலில் இருக்கும் வி-ஐ.

வளர்ந்து முடிந்ததும் ஃபார்மலின் ஊற்றிக் கிருமியைக் கொன்று, சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி உடலை எறிகிறோம். நமக்கு வேண்டியது மேலே நிற்கும் திரவம். சர்க்கரையில் கணிசமான பங்கு அதில் உதிர்ந்திருக்கும். 100 கிலோடால்டன் (டால்டன் என்பது மூலக்கூறு எடையின் அலகு) சவ்வில் ஓடவிட்டால் நீரும் சின்ன மூலக்கூறுகளும் வெளியேறி, சர்க்கரை உள்ளே தங்கும். கூடவே தங்குவது நியூக்ளிக் அமிலம், புரதம், எண்டோடாக்சின். இதில் எண்டோடாக்சின்தான் ஆகப்பெரிய தொல்லை. தனித்தனியாக அது சின்ன மூலக்கூறு. ஆனால் நீரில் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிய உருண்டைகளாக மாறி, சர்க்கரையோடு சவ்வுக்கு உள்ளேயே தங்கிவிடும். டிஆக்சிகோலேட் என்ற பித்த உப்பைச் சேர்த்தால் உருண்டை உடைந்து துளை வழியே வெளியேறும். டிஆக்சிகோலேட்டின் செறிவு குறைந்த நொடியிலேயே உடைந்தவை மறுபடி ஒட்டிக்கொள்ளும் என்பதால், கழுவும் நீரிலும் அதே அளவு போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

சர்க்கரையைத் தனியே பிரிக்க சி.டி.ஏ.பி. என்ற நேர்மின் சோப்பு. வி-ஐ முழுக்க எதிர்மின் என்பதால் இரண்டும் சேர்ந்து வெள்ளையாகத் திரிந்து அடியில் இறங்கும். நியூக்ளிக் அமிலமும் எதிர்மின்தான், அதுவும் இறங்கும். உப்புச் செறிவை ஏற்றி இறக்கி ஒன்றைக் கரைத்து மற்றதை விடுவதும், பிறகு எத்தனாலில் சர்க்கரையைத் திரித்துச் சோப்பைக் கழுவுவதும் அனுபவத்தில் கைவரும் வேலை. சோப்பு கொஞ்சம் மிஞ்சினாலும் அடுத்த கட்டத்தில் புரதத்தைத் திரித்துவிடும். கடைசியில் கிடைக்கும் சர்க்கரையில் புரதம் 1 விழுக்காட்டுக்கும், நியூக்ளிக் அமிலம் 2 விழுக்காட்டுக்கும் மேல் இருக்கக்கூடாது.

இப்போது ஓ-அசிட்டைல். இதுதான் வி-ஐ சர்க்கரையின் உயிர். மூன்றாம் கார்பனில் இருக்கும் இந்தத் தொகுதி சங்கிலியின் வெளிப்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கிறது. ஆன்டிபாடி பிடிப்பது பெரும்பாலும் அதைத்தான். அது உதிர்ந்துவிட்டால் சங்கிலியின் நீளம் அப்படியே இருக்கும், எடை அநேகமாக அப்படியே இருக்கும், ஊசிக்கு மட்டும் பலன் இருக்காது. ஆகவே ஒரு கிராம் சர்க்கரைக்கு 2 மில்லிமோலுக்குக் குறையாமல் ஓ-அசிட்டைல் இருக்க வேண்டும் என்று விதி. அளக்க ஹெஸ்ட்ரின் முறை இருக்கிறது: காரத்தில் ஹைட்ராக்சிலமினோடு சேர்த்து, பிறகு இரும்புக் குளோரைடு ஊற்றினால் வரும் பழுப்பு நிறத்தை 540 நானோமீட்டரில் படிப்பது. இப்போது பல இடங்களில் என்.எம்.ஆர். என்ற காந்தப்புல அளவீடு வந்துவிட்டது. நைட்ரஜன் மேலுள்ள அசிட்டைலின் உச்சியையும் ஆக்சிஜன் மேலுள்ளதன் உச்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எத்தனை மணிகளில் உதிர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

ஓ-அசிட்டைலுக்கு எதிரி காரம். வேதிவினைகளில் எல்லோரும் பி.எச்.-ஐக் கவனிப்பார்கள். தப்பு நடப்பது வேறு மூலையில். வடிகட்டும் சவ்வுகளைக் கிருமிநீக்கம் செய்ய சோடியம் ஹைட்ராக்சைடில் ஊறவைப்பது வழக்கம். அதைச் சரியாக அலசாமல் சர்க்கரையை ஓடவிட்டால், சவ்வின் உள்ளடுக்கில் மிஞ்சிய காரம் அமைதியாக அசிட்டைலை அறுத்துவிடும். வெளியேறும் கழுவுநீரின் பி.எச். நடுநிலைக்கு வந்ததைப் பதிவேட்டில் எழுதாமல் அடுத்த படிக்குப் போகக்கூடாது என்று ஒரு வரி சேர்ப்பது பெரிய விஷயமல்ல. அந்த வரி இல்லாததால் ஒரு பேட்ச் முழுக்கக் குப்பைக்குப் போகலாம்.

அடுத்து, கட்டுவது. இங்கேதான் வி-ஐ மற்ற சர்க்கரைகளைப்போல வளைந்துகொடுக்காது. மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸ் ஏ வகையின் சர்க்கரையை எடுத்துக்கொள்ளுங்கள். பெர்அயோடேட் என்ற வினைப்பொருள் கொண்டு அங்கங்கே திறந்து ஆல்டிஹைடு முனைகளை உண்டாக்கி, ஹைட்ரசைடு ஏற்றிய டெட்டனஸ் டாக்சாய்டோடு, அதாவது நச்சுநீக்கிய டெட்டனஸ் புரதத்தோடு, சேர்க்கலாம். அமெரிக்க எஃப்.டி.ஏ. ஆய்வுக்கூடத்தில் உருவான இந்த முறையைப் புனேயின் சீரம் இன்ஸ்டிட்யூட் வாங்கித்தான், ஒரு டோஸ் அரை டாலருக்கும் குறைவாக மெனாஃப்ரிவாக் செய்து, 2010 டிசம்பரில் புர்கினா ஃபாசோவில் இறக்கியது. வி-ஐ அப்படித் திறக்காது. பெர்அயோடேட் வெட்டுவதற்கு அடுத்தடுத்த இரண்டு ஹைட்ராக்சில் வேண்டும். வி-ஐ மணியில் இரண்டாம் கார்பனில் நைட்ரஜன், மூன்றாவதில் அசிட்டைல், நான்காவது பக்கத்து மணியோடு பிணைந்திருக்கிறது, ஆறாவது கார்பாக்சில். பிடிக்கக் கைப்பிடி இருப்பது கார்பாக்சிலில் மட்டும்தான்.

ஆகவே கார்போடைமைடு வழி. டெட்டனஸ் டாக்சாய்டில் முதலில் ஒரு கொக்கி மாட்ட வேண்டும். நச்சுநீக்கியபோது ஃபார்மால்டிஹைடு அதன் அமீன்களில் பலவற்றைத் தின்றுவிட்டிருக்கும். எனவே புரதத்தின் கார்பாக்சில்களில் அடிப்பிக் டைஹைட்ரசைடு என்ற இருமுனைக் கொக்கியை இ.டி.சி. என்ற வினைப்பொருளால் பூட்டுகிறோம். கொக்கி தாராளமாக, புரதத்தைவிடப் பல மடங்கு அதிகமாக இருக்க வேண்டும். குறைவாகப் போட்டால் ஒரே கொக்கியின் இரண்டு முனையும் இரண்டு டாக்சாய்டில் மாட்டிக்கொண்டு புரதமே புரதத்தோடு ஒட்டிவிடும். ஒட்டாத கொக்கிகளைச் சவ்வில் கழுவி வெளியேற்றுவதும் அதே அளவுக்கு முக்கியம். மிஞ்சியவை அடுத்த படியில் சர்க்கரையின் கார்பாக்சில்களைப் புரதத்துக்கு முன்பே போய்ப் பிடித்துக்கொள்ளும்.

பிறகு கொக்கி மாட்டிய டாக்சாய்டையும் வி-ஐ சர்க்கரையையும் பி.எச். 5-க்கும் 6-க்கும் நடுவில், வழக்கமாக எடைக்கு எடை சமமாக ஒட்டிய அளவில் கலந்து, மறுபடி இ.டி.சி. போடுகிறோம். இ.டி.சி.க்கு ஈரம் பரம எதிரி. உறைபெட்டியிலிருந்து எடுத்த சீசாவை அறைச்சூட்டுக்கு வருமுன் திறந்தால் உள்ளே பனித்துளி படிந்து அதிலேயே பாதி சிதைந்துவிடும். எடையில் சரியாக இருக்கும், வேலையில் இருக்காது. கரைத்ததை உடனே ஊற்ற வேண்டும். காலையில் கரைத்து மதியம் ஊற்றினால் நடப்பது வெறும் கலக்கல்.

எவ்வளவு ஊற்றுவது என்பது கத்திமேல் நடக்கிற விஷயம். பத்து லட்சம் டால்டன் நீளமுள்ள ஒரு வி-ஐ சங்கிலியில் ஏறத்தாழ 4,000 கார்பாக்சில்கள். ஒரு டாக்சாய்டில் கொக்கிகள் பல. ஒரு சங்கிலி பல புரதங்களைப் பிடிக்கும், ஒரு புரதம் பல சங்கிலிகளைப் பிடிக்கும். இ.டி.சி. கூடினால் எல்லாம் எல்லாவற்றோடும் பிணைந்து வலையாகி, பாத்திரத்தில் இருப்பது கூழாகிவிடும். ஜெல்லான பேட்ச் திரும்பாது. குறைந்தால் பாதிச் சர்க்கரை கட்டப்படாமல் கிடக்கும். செறிவிலும் இதே இழுபறி. வி-ஐ கரைசல் பிசுபிசுப்பானது. அடர்த்தியாக வைத்தால் கலக்கி சுற்றும் இடத்தில் ஒரு வேகம், ஓரத்தில் ஒரு வேகம், கூழ் ஓரத்தில் தொடங்கும். நீர்க்க வைத்தால் கார்பாக்சிலும் கொக்கியும் சந்திக்குமுன் இ.டி.சி.யை நீர் சிதைத்துவிடும். அதனால்தான் சிலர் சர்க்கரையைக் கட்டுவதற்கு முன் அழுத்தத்தால் நசுக்கியோ ஒலியலையால் உடைத்தோ நீளத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள். அதிகம் குறைத்தால் ஆன்டிபாடி பதில் வேறு மாதிரி ஆகிவிடும் என்பதால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. ஆய்வுக்கூடத்தில் 50 மில்லியில் அழகாக வந்த வினை 20 லிட்டரில் வராது என்பதற்கு இந்தக் கலக்கல்தான் பெரும்பாலும் காரணம். அளவைப் பெருக்கும்போது மாறாமல் வைக்க வேண்டியது சூத்திரத்தை மட்டுமல்ல, கரைசல் கலந்து முடிய எடுக்கும் நேரத்தையும்தான்.

வினையை நிறுத்த பி.எச்.-ஐ 7-க்குச் சற்று மேலே ஏற்றுகிறோம். இங்கேயும் காரத்தைத் துளித்துளியாக, நன்றாகக் கலக்கியபடி விட வேண்டும். சர்ரென்று ஊற்றினால் விழுந்த இடத்தில் மட்டும் காரம் உச்சத்துக்குப் போய் அங்கிருக்கும் சர்க்கரை அசிட்டைலை இழக்கும்.

பிறகு பிரித்தெடுப்பது. கட்டப்படாத புரதத்தை நீக்குவது சுலபம். 150 கிலோடால்டன் புரதம், பல மடங்கு பெரிய கான்ஜுகேட்டிலிருந்து அளவை வைத்தே பிரிந்துவிடும். கட்டப்படாத சர்க்கரை அப்படிப் பிரியாது, அதுவும் மிகப் பெரியது. அளவுப்படி பிரிக்கும் ஜெல் நிரப்பிய குழாயில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக இறங்கும். ஆனால் அதைக் குறைத்தே ஆக வேண்டும். தனிச் சர்க்கரை டி செல்லை அழைக்காது, கான்ஜுகேட்டோடு அதே பி செல்லுக்குப் போட்டிபோடும். அதைவிடப் பெரிய கவலை, குப்பியில் இருக்கும் காலத்தில் கட்டு அவிழ்ந்து இந்தப் பங்கு ஏறிக்கொண்டே போவது. தயாரான அன்றைய அளவு மட்டும் போதாது. 2 முதல் 8 டிகிரியில் மாதக்கணக்கிலும், வேண்டுமென்றே சூட்டில் வைத்தும் அளந்து, காலாவதி நாள்வரை வரம்புக்குள் நிற்கும் என்று காட்ட வேண்டும்.

அளப்பதிலும் சிக்கல். அமிலத்தில் டிஆக்சிகோலேட் போட்டால் புரதமும் புரதத்தோடு ஒட்டியதும் கீழே இறங்கும்; தனிச் சர்க்கரை மேலே நிற்கும். மேலே நிற்பதில் எவ்வளவு வி-ஐ என்று பார்க்க அதை உடைத்து எண்ண வேண்டும். பெரும்பாலான பாலிசாக்கரைடுகள் அமிலத்தில் உடையும், வி-ஐ அமிலத்துக்கு மசியாது. செறிந்த காரத்தில் மணிக்கணக்கில் சூடாக்கி, பிறகு எதிர்மின் குரோமட்டோகிராஃபியில் ஓட்டுகிறார்கள். ஓ-அசிட்டைலைக் காக்க இத்தனை நாள் காரத்தை அண்டவிடாமல் இருந்துவிட்டு, கடைசியில் எண்ணுவதற்குக் காரத்தையே தேடிப் போகிறோம்.

கடைசிப் படி 0.22 மைக்ரான் வடிகட்டி. கான்ஜுகேட் பெரிதாகிப் போனால் வடிகட்டி அடைக்கும், அல்லது பெரிய மூலக்கூறுகள் அதிலேயே தங்கி, தெளிந்த, சுத்தமான, சர்க்கரை குறைந்த மருந்து வெளியே வரும். வடிகட்டுமுன்னும் பின்னும் வி-ஐ அளவு பார்ப்பது இதற்காகத்தான். நிரப்பும்போது பல டோஸ் குப்பியாக இருந்தால் ஃபீனாக்சிஎத்தனால் சேர்ப்பார்கள். ஐந்து டோஸ் குப்பியைத் திறந்தபின் 28 நாள் வரை குளிரில் வைத்துப் பயன்படுத்தலாம். உறைந்தால் கெட்டுப்போகும் அலுமினிய உப்பு இல்லாத மருந்து. ஆனாலும் உறையவிடக்கூடாது, உறைந்ததை உருக்கிப் போடக்கூடாது.

மருந்து தயார். வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? டைபாய்டுக்கு நல்ல விலங்கு மாதிரி கிடையாது. இந்தக் கிருமி மனிதனை மட்டுமே நாடுவது. ஆன்டிபாடியை அளக்கலாம் என்றால், வி-ஐயின் எதிர்மின் காரணமாக, ஆன்டிபாடியை அளக்கும் எலைசா சோதனைத் தட்டின் பிளாஸ்டிக்கில் அது ஒட்டவே ஒட்டாது. பாலிலைசின் பூசியோ, பயோட்டின் மாட்டியோ ஒட்டவைக்க வேண்டும். ஒவ்வொரு கூடமும் தனக்கென ஒரு அலகு வைத்திருந்த காலத்தில் ஓர் ஊசியை இன்னொன்றோடு ஒப்பிடவே முடியவில்லை. 16/138 என்ற எண்ணுள்ள சர்வதேச ஒப்பீட்டுச் சீரம் வந்தபிறகுதான் பொது அளவுகோல் கிடைத்தது. இந்தியா 2013-ல் உரிமம் கொடுத்தது ஆன்டிபாடி எண்களை நம்பித்தான். 2 முதல் 45 வயதுவரை உள்ளவர்களிடம் தனிச் சர்க்கரையைவிட கான்ஜுகேட் மூன்று மடங்கு ஆன்டிபாடி கொடுத்தது, கைக்குழந்தைகளிடமும் பதில் வலுவாக இருந்தது. ஆனால் எத்தனை அலகு இருந்தால் டைபாய்டு வராது என்று சொல்லும் எல்லைக்கோடு இல்லை. அந்த இடைவெளியில் உலகம் தயங்கியது. என் பார்வையில் அந்தத் தயக்கம் நியாயமானதுதான். தனிச் சர்க்கரை காட்டிய பாதிக்காப்பைப் பார்த்தவர்கள் எண்களை மட்டும் நம்பத் தயாராக இல்லை.

தயக்கத்தை உடைத்தது ஆக்ஸ்ஃபோர்டு. சம்மதித்த பெரியவர்களுக்கு ஊசி போட்டு, ஒரு மாதம் கழித்து பைகார்பனேட் கலந்த நீரில் பத்தாயிரம் அளவுக்கு உயிருள்ள டைஃபி கிருமியைக் குடிக்கக் கொடுத்தார்கள். ஊசி போடாத குழுவில் 31 பேரில் 24 பேருக்கு நோய் வந்தது. கான்ஜுகேட் குழுவில் 37 பேரில் 13 பேருக்கு. காப்பு 54.6 விழுக்காடு. கேட்கக் குறைவாக இருக்கும். ஆனால் அந்தக் கணக்கில், காய்ச்சலே இல்லாமல் ரத்தத்தில் கிருமி தென்பட்டவர்களும் நோயாளிகள். களத்தில் நாம் பார்ப்பதுபோல, காய்ச்சல் வந்து அதன்பிறகு ரத்தப் பரிசோதனையில் உறுதியானதை மட்டும் எடுத்தால் 87 விழுக்காடு. 2017 அக்டோபரில் உலக சுகாதார அமைப்பின் நிபுணர் குழு பரிந்துரைத்தது.

களச் சோதனைகள் அதன்பின் வந்தன. நேபாளத்தின் லலித்பூரில் 9 மாதம் முதல் 16 வயதுக்குட்பட்ட சுமார் 20,000 குழந்தைகள், பாதிப்பேருக்கு டைபாய்டு ஊசி, மீதிப்பேருக்கு மெனிங்கோகாக்கஸ் ஊசி. உறுதியான நோய் இந்தப் பக்கம் 7, அந்தப் பக்கம் 38. காப்பு 81.6 விழுக்காடு. மலாவியின் பிளான்டைரில் 28,000 குழந்தைகளிடம் 12-க்கு 62. இந்தச் சின்ன எண்களுக்காக இத்தனை ஆயிரம் பேரை ஏன் சேர்க்க வேண்டும் என்றால், ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் ரத்தக் கல்ச்சர் உண்மையான டைபாய்டில் பத்துக்கு ஆறைத்தான் பிடிக்கும். ரத்தத்தில் கிருமி மிகக் குறைவு; குழந்தைகளிடம் எடுக்கும் ரத்தமும் குறைவு; காய்ச்சல் வந்த மறுநாளே யாரோ ஆன்டிபயாட்டிக் கொடுத்திருப்பார்கள். ரத்தத்தில் ஆன்டிபாடியைப் பார்க்கும் விடால் பரிசோதனையை வைத்துக் களச் சோதனை நடத்தினால் வேறு காய்ச்சல்களும் கணக்கில் ஏறி, நல்ல ஊசியும் பாதி பலன்தான் என்று காட்டும். நம்மூரில் விடால் அளவு கொஞ்சம் ஏறினாலே டைபாய்டு என்று எழுதிக் கொடுக்கும் பழக்கம் தனிக் கட்டுரைக்கு உரியது.

பாகிஸ்தானில் சிந்து மாகாணத்தின் ஹைதராபாத்தில் 2016-ல் தோன்றிய டைபாய்டுக்கு செஃப்ட்ரியாக்சோன் என்ற ஊசி ஆன்டிபயாட்டிக்கும் பலிக்கவில்லை. வாய்வழி மருந்தாக அசித்ரோமைசின் ஒன்றே மிஞ்சியது. 2019 நவம்பரில் வழக்கமான தடுப்பூசி அட்டவணையில் டைபாய்டு கான்ஜுகேட் ஊசியைச் சேர்த்த முதல் நாடு பாகிஸ்தான்தான். மருந்துக்கு மசியாத கிருமிக்கும் மேலுறை அதே வி-ஐ. கிருமியின் மருந்தெதிர்ப்பு இந்த ஊசிக்கு ஒரு பொருட்டல்ல.

இந்தியாவிலும் கணக்கு கையில் இருக்கிறது. டெல்லி, கொல்கத்தா, புனே, வேலூர் ஆகிய இடங்களில் 24,000 குழந்தைகளைத் தொடர்ந்து கண்காணித்த ஆய்வில், நகர்ப்பகுதிகளில் ஆண்டுக்கு ஒரு லட்சம் குழந்தைகளில் 576 முதல் 1,173 வரை டைபாய்டு. புனே அருகே கிராமப்புறத்தில் 35. நகரக் குழாய்த் தண்ணீரைப் பற்றி இதைவிட வெளிப்படையாக யாரும் சொல்ல முடியாது. நவி மும்பை மாநகராட்சி 2018-ல் 9 மாதம் முதல் 14 வயதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குப் பொதுச் செலவில் போட்டுக் காட்டியது. மற்றபடி குழந்தை மருத்துவர் பரிந்துரையில், கைக்காசில் போடுகிறவர்களே அதிகம். தண்ணீரைச் சரிசெய்தால் ஊசி எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில்: குழாயும் கழிவுநீரும் சரியாகும்வரை பிறக்கும் குழந்தைகள் காத்திருக்க முடியாது.

இனி மீதமுள்ள வேலை. டாக்காவின் மிர்பூரில் தொடர்ந்து பார்த்ததில், மூன்று முதல் ஐந்து வருஷத்துக்குள் காப்பு பாதியளவுக்கு இறங்கியது. இரண்டு வயதுக்குமுன் போட்டவர்களிடம் சரிவு இன்னும் அதிகம். மலாவியில் நான்கு வருஷத்துக்குப் பிறகும் 78 விழுக்காடு நின்றது. பள்ளியில் சேரும் வயதில் இன்னொரு டோஸ் என்ற பேச்சு இதனால்தான். இரண்டாவது, டைபாய்டு போலவே காய்ச்சல் தரும் பாராடைபாய்டு ஏ. அந்தக் கிருமிக்கு வி-ஐ உறையே கிடையாது, ஆகவே இந்த ஊசி அதைத் தொடாது. டைபாய்டு ஊசி போட்டும் காய்ச்சல் வந்தது என்று புகார் சொல்பவர்களில் சிலருக்கு வந்தது அதுவாக இருக்கலாம். அதற்கு அதன் ஓ-ஆன்டிஜன் சர்க்கரையைப் பிரித்து, கட்டி, வி-ஐ கான்ஜுகேட்டோடு ஒரே குப்பியில் வைக்க வேண்டும். புனேயின் சீரம் இன்ஸ்டிட்யூட் அப்படி ஒன்றை மனிதர்களிடம் சோதனை வரை கொண்டுவந்திருக்கிறது. இந்தச் சர்க்கரை வேறு, வேதிவினை வேறு. இதிலும் ஓ-அசிட்டைல் உண்டு, அதுவும் காரத்தில் உதிரும். கூடுதலாக ஒரு கேள்வி: எண்டோடாக்சினின் வெளிவாலைத்தான் இங்கே மருந்தாக எடுக்கிறோம் என்பதால், காய்ச்சல் தரும் கொழுப்பு முனையை முழுதாக வெட்டி நீக்கியாயிற்றா என்று ஒவ்வொரு பேட்சிலும் பார்த்தாக வேண்டும்.